ஆப்பிரிக்காவை மடித்துப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ஆப்பிரிக்கா என்றால் ஒரே நாடு, அது முழுக்கக் காடும் சிங்கமும்தான் என்று நினைத்திருந்தான். அதை மாற்றுவதற்காகப் பெரிய வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டி, தினமும் ஐந்து நாடுகளையும் அவற்றின் தலைநகரங்களையும் ஒப்பிக்கச் சொன்னேன். இரண்டே வாரத்தில் வரைபடத்தைக் கண்டாலே ஓடுகிறான். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் நோக்கத்தில் பிழையில்லை, தொடங்கிய இடம்தான் சரியில்லை. ஐ.நா. உறுப்பினராக உள்ள ஆப்பிரிக்க நாடுகள் மட்டும் 54. அந்த மண்ணையும் மழையையும் பற்றி எதுவும் அறியாத பிள்ளைக்கு அவை வெறும் ஒலிகள். நம் மாநிலங்களின் தலைநகரங்களையே நம்மில் எத்தனை பேர் தடுமாறாமல் சொல்வோம்?

முதலில் அதன் அளவு மனத்தில் பதியட்டும். மெர்கேட்டர் என்ற வரைபட வல்லுநர் 1569இல் வகுத்த முறையில் வரைந்த உலகப் படங்களில், துருவத்தை நெருங்க நெருங்க நிலம் பெருத்துத் தெரிவதால், கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாக நிற்கும். உலக உருண்டை ஒன்றை இரவல் வாங்கி, அதன்மேல் பட்டர் பேப்பரை வைத்துக் கிரீன்லாந்தை வரைந்து, வெட்டி, ஆப்பிரிக்காவின்மேல் அவனையே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. நம் இந்தியாவைப்போல் ஒன்பது மடங்கு.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆப்பிரிக்க வரைபடத்தின் நகல் ஒன்றை எடுத்து, காபோன், உகாண்டா, கென்யா வழியாகச் செல்லும் பூமத்திய ரேகையில் மடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். தெற்கே உள்ள கலஹாரி பாலைவனம் சரியாக வடக்கே உள்ள சகாரா பாலைவனத்தின்மேல் போய் விழும். கேப் டவுன் மத்தியதரைக் கடலை எட்டிவிடும். இது தற்செயல் அல்ல. பூமத்திய ரேகையருகே சூடேறி மேலெழும் காற்று அங்கேயே மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து வடக்கிலும் தெற்கிலும் விலகிப்போய் இறங்குகிறது. எனவே நடுவில் காங்கோவின் மழைக்காடு, அதன் இருபுறமும் சவானா புல்வெளி, அதற்கப்பால் பாலை, இரு கோடிகளிலும் குளிர்காலத்தில் மழை பெய்து திராட்சை விளையும் நிலம். சிங்கத்தின் இடமும் இப்போது தெரிந்துவிடும்: அது பெரும்பாலும் புல்வெளியில் வாழ்வது, அடர்ந்த மழைக்காட்டின் உட்புறத்தில் இல்லாதது. ‘காட்டு ராஜா’ என்று நாம்தான் பிள்ளைகளைக் குழப்பி வைத்திருக்கிறோம்.

கிழக்கே போனால் இந்த ஒழுங்கு சற்றுக் குலையும். அங்கே நிலம் உயர்ந்து நிற்கிறது. நைரோபி பூமத்திய ரேகையை ஒட்டியே இருந்தாலும், ஏறத்தாழ நம் குன்னூரின் உயரத்தில் இருப்பதால் குளிர்ச்சியான நகரம். 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவின் உச்சியிலோ பனிப்பாறைகளே உண்டு.

பிறகு சமையலறைக்கு வாருங்கள். நம் கேழ்வரகு முதலில் பயிரானது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில். கம்பு சகாராவின் தென்விளிம்பில். காப்பியின் பூர்வீகம் எத்தியோப்பியா. சோளத்துக்கும் காராமணிக்கும் ஆப்பிரிக்காவே தாயகம். இவை ஒவ்வொன்றிலும் நான்கைந்து மணிகளை எடுத்து, அந்தந்த இடத்தில் பசை தடவி அவன் ஒட்டட்டும். கம்பை ஒட்டும்போது, குறைந்த மழையிலும் அது ஏன் தாக்குப்பிடிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பாலைவனத்தின் ஓரத்தில் விரல் இருக்கும்போது விடையை அவனே கண்டுபிடிப்பான்.

நாடுகள் இதற்குப் பிறகு வரட்டும், அதுவும் அவன் கேட்கும்போது. எகிப்துக்கும் லிபியாவுக்கும் இடையே அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் ஓடும் எல்லையைப் பார்த்தால் நிச்சயம் கேட்பான். அங்கே வாழ்ந்தவர்களைக் கேளாமல் ஐரோப்பிய ஆட்சியாளர்கள் இழுத்த கோடுகள் அந்தக் கண்டத்தில் ஏராளம் என்பதை ஒன்பது வயதுக்கு இரண்டே வாக்கியத்தில் சொன்னால் போதும். தலைநகரங்களைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். தென்னாப்பிரிக்காவுக்கு மட்டும் மூன்று தலைநகரங்கள் என்று தெரியும் நாளில் அவனே தேடுவான்.

சுவரில் உள்ள படத்தைக் கழற்றிவிட வேண்டாம். ஒப்பிக்கச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டு, அவன் கை எட்டும் உயரத்துக்கு இறக்கி மாட்டுங்கள்.