மோட்டாரில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்கிறேன். தினமும் கால்சியம் கரைசலும் காரக் கரைசலும் ஊற்றியும் கால்சியம் லிட்டருக்கு 360 மில்லிகிராமையும், காரத்தன்மை 6 டிகேஹெச்சையும் (dKH, காரத்தன்மையை அளக்கும் அலகு) தாண்டவில்லை. மோட்டாரில் வேறு வெள்ளையாகப் படிகிறது. அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். ஊற்றுவதில் பாதி அந்த வெள்ளைப் படிவாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. மெக்னீசியம் எவ்வளவு என்று எழுதவே இல்லையே? கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் இருக்கும் அதுதான், கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாக இறுகிவிடாமல் தடுக்கிறது, அது குறைந்தால் நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் மோட்டாருக்குத்தான் லாபம்.

முதலில் உப்பின் அளவைப் பாருங்கள், 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருக்க வேண்டும். அது குறைந்திருந்தால் எல்லாமே குறைவாகத்தான் காட்டும். அது சரி என்றால் மெக்னீசியம் குளோரைடு கரைத்து, நாளுக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் ஏறாதபடி, 1,300 வரை கொண்டுவாருங்கள். (மெக்னீசியம் உள்ள மேக்னசைட் மலை பக்கத்தில்தானே என்று அந்தக் கல்லைப் பொறுக்கிப் போட்டுவிடாதீர்கள், கடல்நீரில் அது கரையாது.) அப்புறம் காரத்தன்மையை நாளுக்கு 1 டிகேஹெச்சுக்குள் உயர்த்தி எட்டில் நிறுத்துங்கள். இரண்டு கரைசலையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் ஊற்றக் கூடாது.

சேலத்து வெயிலில் வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கும். அதனால் ஆர்ஓ நல்ல தண்ணீரால் ஈடுகட்டுங்கள், போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.