"ஒரு பெக் தானே, கம்பெனி கொடுங்க!" – குடிக்காதவர்களும் குடிக்க வைப்பவர்களும்: கேள்வி பதில்

விருந்துகளில் மது வேண்டாம் என்பவர்கள் படும் பாடு, அவர்களை அழைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை பற்றி வந்த கேள்விகளுக்கு மது மீட்பு ஆலோசகர் ஒருவர் தரும் பதில்கள்.

கேள்வி: புது ஆபீஸ். டீம் பார்ட்டின்னா "ஒரு பெக் தானே"ன்னு நச்சரிக்கிறாங்க. மாத்திரை சாப்பிடறேன், வண்டி ஓட்டணும்னு எல்லாம் சொல்லிப் பாத்துட்டேன். அடுத்த தடவையும் விடலை. என்ன சொல்லித் தப்பிக்கலாம் அண்ணே?

தப்பிக்கப் பார்ப்பதுதான் சிக்கலே, தம்பி. காரணம் சொன்னால் அந்தக் காரணத்தோடு மல்லுக்கு நிற்பார்கள். மாத்திரை என்றால் "எத்தனை நாளைக்கு?" வண்டி என்றால் "நாங்க கொண்டு விடறோம்." வீட்டில் திட்டுவார்கள் என்றால், அன்று ராத்திரி முழுக்க உங்கள் வீடுதான் கேலிப்பொருள்.

"இல்லைங்க, நான் குடிக்கிறதில்லை." இவ்வளவு போதும். "இன்னைக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாளைக்கு மறுபடி கேட்கச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது முறை கேட்டால் அதே வாக்கியம், அதே குரல், சிரித்த முகம். மூன்றாவது முறையும் கேட்டால் பதிலே வேண்டாம், எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடுங்கள்.

வாயைவிடக் கைக்கு வேலை அதிகம். போனதும் முதல் ஐந்து நிமிடத்தில், ஆர்டர் எடுப்பவர் மேஜைக்கு வரும் முன்பே, நீங்களே போய் எலுமிச்சைத் துண்டு போட்ட சோடா வாங்கிக்கொள்ளுங்கள். ஊற்றிக் கொடுப்பவரின் கண் வெறுங்கையோடு இருப்பவரைத்தான் தேடும். கிளாஸைக் காலியாக வைத்திருக்காதீர்கள். கால்பங்கு இருக்கும்போதே அடுத்ததைச் சொல்லிவிடுங்கள். கீழே வைத்துவிட்டு வெளியே போய் வந்தால், அதைத் தொடாமல் புதிதாக ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் 20 பேருக்கு விருந்து வைக்கிறேன். அதில் 7 பேர் குடிக்க மாட்டார்கள். அவர்களுக்கு மனக்குறை வராமல் எப்படி ஏற்பாடு செய்வது?

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: ஒரு மேஜை முழுக்க பாட்டில்கள், மூலையில் காற்று போன கோலா ஒன்று, பக்கத்தில் பிளாஸ்டிக் டம்ளர். "நீ கணக்கில் இல்லை" என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஒரே மேஜை, ஒரே வகைக் கண்ணாடி கிளாஸ், ஒரே ஐஸ். நான்கு மணி நேர விருந்துக்குத் தலைக்கு 250 மில்லி கிளாஸ் ஐந்து என்று வையுங்கள். 7 பேருக்கு ஏறக்குறைய 9 லிட்டர். இது போக 20 பேருக்கும் தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர். குடிப்பவர்கள் சோடாவையும் ஜூஸையும் கலந்து தீர்த்துவிடுவார்கள் என்பதால் அவர்கள் பங்கைத் தனியாக வாங்குங்கள். அப்படி வாங்காததால்தான் பாதி ராத்திரியில் குடிக்காதவருக்குக் குழாய்த் தண்ணீர்தான் மிச்சம் என்ற நிலை வருகிறது. பெக் அளக்கும் குவளையால் ஜூஸ் அளக்க வேண்டாம். மது கலந்த பானத்தை ஜாடியில் வைப்பதாக இருந்தால் மேலே எழுதி ஒட்டுங்கள்.

வந்தவரிடம் "குடிப்பீங்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "என்ன குடிக்கிறீங்க?" என்று கேளுங்கள். மோர் என்றாலும் விஸ்கி என்றாலும் அது ஒரு பதில், அவ்வளவுதான். செலவைப் பங்கு போடுவதென்றால் சாப்பாட்டுக் கணக்கு வேறு, மதுக் கணக்கு வேறு. அப்புறம், குடிக்காதவர் என்பதாலேயே எல்லோரையும் வீட்டில் இறக்கிவிடும் டிரைவர் வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள். வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். முடியாது என்றால் டாக்சி.

கேள்வி: விளையாட்டுக்கு ஜூஸில் கொஞ்சம் வோட்கா கலந்து கொடுத்துவிட்டு அப்புறம் சொல்வோம். இதில் என்ன பெரிய தப்பு?

இது விளையாட்டு இல்லை. பல நாடுகளில் குற்றம்.

40 சதவீத வோட்கா 30 மில்லியில் சுமார் 9.5 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அதை முடிக்கக் கல்லீரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். குடிக்கும் உங்களுக்கு அது ஒன்றுமில்லை. எதிரே இருப்பவர் குடியை விடுவதற்காக டைசல்ஃபிரம் மாத்திரை எடுப்பவராக இருந்தால்? ஆல்கஹால் உடலில் முதலில் அசிட்டால்டிஹைடு ஆகும், பிறகு அது அசிட்டேட் ஆகும். அந்த இரண்டாவது படியை இந்த மாத்திரை அடைத்துவிடுகிறது. அசிட்டால்டிஹைடு உடலில் தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். கடைசி மாத்திரை போட்டு இரண்டு வாரம் வரை கூட இது நடக்கலாம். தூக்க மாத்திரை எடுப்பவருக்கு மூச்சு மந்தமாகும். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்கும், அந்தத் தள்ளாட்டத்தை நீங்கள் போதை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். கர்ப்பமாக இருப்பதை இன்னும் யாரிடமும் சொல்லாத பெண்ணும் அந்த மேஜையில் இருக்கலாம்.

ஏற்கெனவே கலந்து கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே உண்மையைச் சொல்லுங்கள், எவ்வளவு என்ற அளவோடு.

கேள்வி: குடிக்காதவர்களுக்கு ஆல்கஹால் இல்லாத பீர் வாங்கி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் லேபிளைப் படியுங்கள். பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை இருந்தாலும் அப்படி விற்கலாம்; 0.0 என்று போட்டிருப்பது வேறு. குடியிலிருந்து மீண்டவருக்கு அந்த வாசனையும் நுரையுமே பழைய ஆசையைக் கிளப்பக்கூடும். அதனால் மேஜையில் இருக்கட்டும், கையில் திணிக்காதீர்கள்.

கேள்வி: சமையலில் ஊற்றும் வைன் கொதித்தால் ஆவியாகிவிடும்தானே?

அதிலுள்ள ஆல்கஹால் முழுவதும் போகாது. 15 நிமிடம் கொதித்தால் 40 சதவீதம் மிச்சம், ஒரு மணி நேரத்தில் 25, இரண்டரை மணி நேரம் ஆனாலும் 5. தீ மூட்டி எரித்தால் இன்னும் மோசம், முக்கால்வாசி அப்படியே இருக்கும். பரிமாறும் முன் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பல வருஷமாக தினமும் நிறையக் குடிப்பவர். "நாளையிலிருந்து தொடவே மாட்டேன்" என்கிறார். அப்படியே பிடித்துக்கொள்ளச் சொல்லட்டுமா சார்?

அவசரப்படாதீர்கள் அம்மா. தினமும் அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இல்லாததைப் பார்ப்பது, இடம் காலம் தெரியாமல் உளறுவது வரலாம், உயிருக்கே ஆபத்து. நிறுத்தும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தினசரி எவ்வளவு, கடைசியாக எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பதை எழுதி எடுத்துப் போங்கள். நடுக்கத்துக்கும் வலிப்புத் தடுப்புக்கும் மருந்து உண்டு, தயமின் வைட்டமினும் கொடுப்பார்கள். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் நேராக அவசரப் பிரிவு.

கேள்வி: நான் குடிக்காதவன். நண்பர்கள் குடிப்பதைப் பார்த்தால் புத்தி சொல்லத் தோன்றுகிறது.

பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது உண்மைதான். கையில் கிளாஸ் இருப்பவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. பகலில், தனியாக, அவர் நிதானத்தில் இருக்கும்போது ஒரே ஒரு முறை சொல்லுங்கள்.

கேள்வி: முன்பு எங்களோடு குடித்தவர் இப்போது வேண்டாம் என்கிறார். "அப்போ குடிச்சீங்களே, இப்போ என்ன?" என்று கேட்கலாமா?

எல்லோர் முன்னாலும் கேட்கவே கூடாது. அது நோயாக இருக்கலாம், மீட்சியாக இருக்கலாம், வெறும் மனமாற்றமாகவும் இருக்கலாம். எதுவானாலும் அவராகச் சொன்னால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மேஜையில் வேறு யாராவது அந்தக் கேள்வியைப் போட்டுவிட்டால், அவர் வாய் திறக்கும் முன் நீங்கள் புகுந்துவிடுங்கள்: "அவருக்குச் சோடா சொல்லியாச்சு. உங்களுக்கு என்ன?"