குழந்தை பற்றித் தகவல் வந்தால் முதல் ஒரு மணி நேரம்: கேள்வி-பதில்

கேள்வி: பெயர் சொல்லாமல் ஒருவர் குழந்தைகள் உதவி எண் 1098-ல் கூப்பிட்டு, "குளச்சல் பக்கம் ஒரு வீட்டுல பிள்ளைய தினமும் போட்டு அடிக்காவ" என்றார். எப்படிப் பதிவது?
(களப்பணியாளர், நாகர்கோவில்)

பதில்: பெயர் இல்லாத தகவலும் தகவல்தான். "உண்மையா என்று பார்த்துவிட்டுப் பதியலாம்" என்று ஒத்திப்போடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. முதலில் பதிவு, பிறகு விசாரணை. அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். அதை "உடல்ரீதியான துன்புறுத்தல்" என்று மாற்றிவிட்டால், அவர் கண்ணால் பார்த்தாரா, அழுகைச் சத்தம் கேட்டாரா, யாரோ சொல்லக் கேட்டாரா என்பது அடுத்துப் படிப்பவருக்குத் தெரியாது.

அவர் போனை வைப்பதற்குள் கேட்க வேண்டியவை: பிள்ளை இப்போது எங்கே, யாரோடு? காயம் உண்டா? அடிக்கிற ஆள் இன்று ராத்திரி வீட்டில் இருப்பாரா? வேறு பிள்ளைகள் உண்டா? கடற்கரை ஊர்களில் கதவு எண்ணை நம்பிப் போனால் அலைய வேண்டிவரும். எந்தக் குருசடிக்கு (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்) பக்கம், எத்தனையாவது வீடு, குடும்பத்தை ஊரில் எப்படி அழைப்பார்கள் என்று கேளுங்கள். பழைய பதிவேட்டையும் புரட்டுங்கள். தனித்தனியே சிறிதாகத் தெரிந்த மூன்று தகவல்கள் ஒரே வீட்டைக் காட்டலாம்.

கேள்வி: தோவாளை வட்டத்தில் ஒரு பள்ளி. 13 வயது மாணவி தன் மாமா தப்பாகத் தொட்டதாக ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். முதலில் பள்ளியிலேயே விசாரிக்கலாம் என்கிறார் தலைமையாசிரியர். நாங்கள் போய் முழுதாகக் கேட்டு எழுதலாமா?

பதில்: வேண்டாம், பள்ளியும் விசாரிக்கக் கூடாது. போக்சோ சட்டம் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) 2012-ன் 19-வது பிரிவுப்படி, விவரம் தெரிந்தவர் சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சொல்லியாக வேண்டும். குற்றம் நடந்திருக்கலாம் என்று தெரிந்தாலே போதும், நிரூபணம் தேவையில்லை. சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

பிள்ளையை நாலு பேர் நாலு தடவை கேட்டால் சொல் கொஞ்சம் கொஞ்சம் மாறும். நீதிமன்றத்தில் அதையே முரண்பாடு என்று காட்டுவார்கள். அவளாகச் சொன்னதை, நீங்கள் கேட்ட கேள்வியோடு அப்படியே எழுதினால் போதும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. அந்த மாமா வீட்டில் இருக்கிறாரா என்று தெரியாமல் வீட்டுக்குப் போன் போடவும் வேண்டாம்.

காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் (பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கும் மாவட்ட அமைப்பு) சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் பதிய வேண்டும். ராத்திரியில் அவளைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. ஆசாரிப்பள்ளம் மருத்துவமனை ஆகட்டும், வேறு எது ஆகட்டும், முதல் தகவல் அறிக்கை இல்லை என்று பரிசோதனையை மறுக்க முடியாது. சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: களியக்காவிளை பேருந்து நிலையத்தில் இரவு பத்து மணிக்கு ஒன்பது வயதுப் பையன். மலையாளம் மட்டும் பேசுகிறான், வீடு கேரளத்துப் பாறசாலை என்கிறான். பக்கம்தானே, நாமே கொண்டுபோய் விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. அடி தாங்காமல் ஓடி வந்த பிள்ளையாக இருந்தால், நீங்களே அடிக்கிற கையில் திரும்பக் கொடுத்ததாகிவிடும். பயணநேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்துங்கள். குழு கூடாத நேரமென்றால் ஒரு உறுப்பினர் முன் நிறுத்தலாம், அதனால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அப்போதே அவரைக் கூப்பிடுங்கள். கேரளத்துக்கு அனுப்புவதா என்பதை, அவனுடைய மாவட்டக் குழுவோடு பேசி இங்குள்ள குழு முடிவு செய்யும். மொழிபெயர்க்க, மலையாளம் தெரிந்த பணியாளரை வையுங்கள். கூடி நிற்பவர்களில் ஒருவரைக் கூப்பிட்டால் பையன் வாய் திறக்க மாட்டான்.

கேள்வி: தகவல் தந்தவர் "என்ன ஆச்சு?" என்று மறுபடி கூப்பிட்டால்?

பதில்: "தகவல் கிடைத்தது, நடவடிக்கையில் இருக்கிறது." அவ்வளவே. பிள்ளையின் பெயரோ படமோ அலுவலக வாட்ஸ்ஆப் குழுவில்கூடப் போட வேண்டாம். சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 74-வது பிரிவு அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் வைத்திருக்கிறது. குழுவில் போட்ட படம் எங்கெல்லாம் போகும் என்பது உங்கள் கையில் இல்லை.