உங்கள் பொறுப்பில் இருக்கும் நாய்க்கு பாலிசி பதில் சொல்லுமா?

கேள்வி: நாய், பூனைகளுக்கான சிறிய கிளினிக் தொடங்குகிறோம். இரண்டு மருத்துவர்கள், மூன்று உதவியாளர்கள். அறுவை சிகிச்சை உண்டு. சில விலங்குகள் இரவு தங்கும். தீ, திருட்டுக்கு ஒரு பாலிசியும் பொதுப் பொறுப்புக் காப்பீடும் எடுத்தால் போதுமா?

பதில்: போதாது. நீங்கள் சொன்ன இரண்டிலும் விடுபடுவது உங்களிடம் சிகிச்சைக்கு வரும் விலங்குதான்.

ஈரத் தரையில் வழுக்கி விழும் வாடிக்கையாளருக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு கைகொடுக்கும். ஆனால் அதன் விலக்குகளில், ‘காப்பீடு எடுத்தவரின் பராமரிப்பிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள பிறர் சொத்து’ என்ற வரி பெரும்பாலும் இருக்கும். விலங்கைச் சட்டம் பொதுவாக உரிமையாளரின் சொத்தாகவே பார்க்கிறது. கூண்டுக் கதவு சரியாகப் பூட்டாமல் வெளியே ஓடிய நாய் வண்டியில் அடிபட்டால், இந்த வரியைக் காட்டியே இழப்பீட்டை மறுக்கலாம். எனவே பராமரிப்பில் உள்ள விலங்குகளுக்கான பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு விலங்குக்கு எவ்வளவு, ஒரே சம்பவத்துக்கு மொத்தம் எவ்வளவு, தப்பி ஓடுவதும் திருட்டும் அடங்குமா என்று எழுத்தில் பெறுங்கள். இரவில் தீப்பிடித்தால் எல்லாக் கூண்டுகளும் சேர்ந்தே பாதிக்கப்படும். மொத்த வரம்பை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

மயக்க மருந்தின் அளவு தவறுவது, வயிற்றுக்குள் பஞ்சு தங்கிவிடுவது போன்றவை தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டில் வரும். இதில் இழப்பீடு பெரும்பாலும் புகார் வரும் நாளில் நடப்பில் உள்ள பாலிசியிலிருந்தே தரப்படும். இன்று செய்த அறுவை சிகிச்சைக்கு இரண்டு ஆண்டு கழித்துப் புகார் வரலாம். இடையில் நிறுவனம் மாறினால், பழைய ‘முன்தேதி’ (எந்த நாள் முதல் செய்த சிகிச்சைக்குக் காப்பு உண்டோ, அந்த நாள்) புதிய பாலிசியிலும் தொடர வேண்டும். கிளினிக்கை மூடினால், அதன்பின் வரும் புகார்களுக்கான நீட்டிப்பு தேவை. வழக்குச் செலவு காப்புத் தொகைக்குள் கழிக்கப்படுமா, தனியாகத் தரப்படுமா என்பதையும் பாருங்கள். விடுப்புக்கு மாற்றாக வரும் மருத்துவரும் உதவியாளர்களும் பாலிசிக்குள் இருக்க வேண்டும்.

கருவிகளில் பலரும் ஏமாறுவது தொகையில்தான். எக்ஸ்ரே, ஸ்கேன், மயக்க மருந்துக் கருவி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் எல்லாவற்றுக்கும் இன்றைய புது விலையைப் பட்டியலிடுங்கள். 100 மதிப்புள்ள பொருளை 60-க்குக் காப்பீடு செய்து 30 இழந்தால், காப்பீடு குறைந்த அதே விகிதத்தில் இழப்பீட்டையும் குறைக்கும் விகிதக் கழிவு விதிப்படி 18 மட்டுமே கிடைக்கும். மின்னழுத்தம் எகிறி எக்ஸ்ரே கருவி உள்ளுக்குள் பழுதானால் தீ பாலிசி பொதுவாக உதவாது. அதற்கு இயந்திரப் பழுதுக் காப்பீடோ மின்னணுக் கருவிக் காப்பீடோ வேண்டும்.

தடுப்பூசிகளைப் பொதுவாக 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். சூடாவது மட்டுமல்ல, உறைவதும் பலவற்றைக் கெடுக்கும். கெட்டுப்போன மருந்துக்கு இழப்பீடு கேட்கும்போது வெப்பநிலைப் பதிவேட்டைக் கேட்பார்கள். தினமும் காலை, மாலை குறித்து வையுங்கள். மின்தடை விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடி, ஊசிக் குத்து, எக்ஸ்ரே கதிர்வீச்சு ஆகியவை ஊழியர் இழப்பீட்டுக் காப்பீட்டில் அடங்க வேண்டும். தீ போன்றவற்றால் கிளினிக் மூடிக்கிடக்கும் மாதங்களின் வருமான இழப்புக்குக் காப்பீடு எடுக்கும்போது, கட்டடம் சீராகி வாடிக்கையாளர்கள் திரும்பும் வரையிலான காலத்தைக் கணக்கிடுங்கள்.

விண்ணப்பத்தில் இரவுத் தங்கல், வீட்டுக்குச் சென்று செய்யும் சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் பாலிசியே செல்லாமல் போகலாம். புகார் வந்த அன்றே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். உரிமையாளரிடம் பரிவாகப் பேசுங்கள். ஆனால் நிறுவனத்தைக் கேட்காமல் பணம் தருவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். சிகிச்சைக் குறிப்பில் பிறகு ஒரு சொல்லைக்கூடத் திருத்தாதீர்கள். சேர்க்க வேண்டியது இருந்தால் அன்றைய தேதியிட்டுத் தனியே எழுதுங்கள்.