விண்டோஸ் 11-இல் பழைய ஸ்டார்ட் மெனு வேண்டுமா?

கேள்வி: விண்டோஸ் 10-இலிருந்து விண்டோஸ் 11 மடிக்கணினிக்கு மாறினேன். ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருக்கிறது. வலது கிளிக் செய்தால் பாதி வசதிகளைக் காணவில்லை. இலவச மென்பொருள்களைக் கொண்டு பழைய தோற்றத்தைப் பெறலாமா? அவற்றால் ஆபத்து உண்டா?

பதில்: நீங்கள் கேட்பவற்றில் இரண்டுக்கு மென்பொருளே தேவையில்லை. செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், டாஸ்க்பார் என்று சென்று, 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' பகுதியில் அலைன்மென்டை 'லெஃப்ட்' என மாற்றினால் ஸ்டார்ட் பட்டன் இடது மூலைக்கு வந்துவிடும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி வலது கிளிக் செய்தால் பழைய முழுப் பட்டியலே நேரடியாகத் திறக்கும்.

பழைய ஸ்டார்ட் மெனுவுக்கு மட்டும் 'ஓப்பன்-ஷெல்' போதும். 'கிளாசிக் ஷெல்' என்ற பெயரில் புகழ்பெற்றிருந்த இதன் மேம்பாட்டை அதன் ஆசிரியர் 2017-இல் நிறுத்திக்கொண்டு மூலநிரலை வெளியிட, தன்னார்வலர்கள் தொடர்ந்து பராமரித்து வருகின்றனர். நிறுவும்போது வரும் பட்டியலில் 'ஓப்பன்-ஷெல் மெனு'வை மட்டும் வைத்துக்கொண்டு, கிளாசிக் எக்ஸ்ப்ளோரர் போன்ற மற்றவற்றை நீக்கிவிடுங்கள்; அவை உங்களுக்குப் பயன்படப்போவதில்லை. விண்டோஸ் 7 பாணி மெனுவும் இதில் உண்டு. புதிய மெனு எப்போதாவது தேவைப்பட்டால், ஷிஃப்டை அழுத்தியபடி ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்யலாம்.

டாஸ்க்பாரையே பழையபடி மாற்றும் 'எக்ஸ்ப்ளோரர்பேட்ச்சர்' உங்களுக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. அது வைரஸ் அல்ல. ஆனால் டாஸ்க்பாரை இயக்கும் எக்ஸ்ப்ளோரர் நிரலுக்குள் நுழைந்து வேலை செய்வதால், மைக்ரோசாஃப்ட் அந்நிரலின் உட்கட்டமைப்பை மாற்றும் ஒவ்வொரு பெரிய அப்டேட்டின்போதும் டாஸ்க்பார் காணாமற்போகவோ திரை மினுங்கவோ வாய்ப்புண்டு. ஆன்டிவைரஸும் சில நேரங்களில் வீணாக எச்சரிக்கும். அலுவலகக் கணினியென்றால் தொடவே வேண்டாம்.

எதை நிறுவினாலும், அதை உருவாக்கியவர்களின் கிட்ஹப் (மென்பொருள் நிரல்களை வெளியிடும் இணையதளம்) பக்கத்திலிருந்தே பதிவிறக்குங்கள். 'இலவச டவுன்லோடு' தளங்கள் வேண்டாத நிரல்களையும் சேர்த்துத் தலையில் கட்டிவிடும். நிறுவுவதற்கு முன் 'சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன்' இயங்குகிறதா என்று பார்த்து, ஒரு ரீஸ்டோர் பாயின்ட் (கணினியைப் பின்னர் இதே நிலைக்குத் திருப்ப உதவும் பதிவு) உருவாக்கிக்கொள்ளுங்கள். கோளாறு ஏற்பட்டால், உள்நுழைவுத் திரையில் ஷிஃப்டை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாக சிஸ்டம் ரீஸ்டோரை அடையலாம். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அப்போது பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதி) மீட்புச் சாவி கேட்கப்படலாம். ஆகவே அதை முன்கூட்டியே தாளில் குறித்து வையுங்கள்.