மென்பொருள் வந்தால் பிள்ளைகள் யோசிக்க மாட்டார்களா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் டிப்ளோமா மாணவர்களுக்கு வெப்ப இயக்கவியல் படிப்பிக்கிறேன். சமன்பாடு தீர்க்கும் மென்பொருளைக் கொடுத்தால் யோசிப்பதை விட்டுவிடுவார்களோ என்று பயம். ரவுணில் ஒரு கடைக்காரர் அப்படியான மென்பொருளான ஈஈஎஸ்ஸின் (Engineering Equation Solver) 'ஃபுல் வெர்ஷன்' போட்டுத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: கடைக்காரரிடம் வாங்கவே வாங்காதீர்கள். அது பூட்டுடைத்த பிரதி. கூடவே வைரஸ் வந்தால் முதலில் படுப்பது உங்கள் ஆய்வுகூடக் கணினிகள்தான். ஈஈஎஸ்ஸை விற்பது அமெரிக்காவின் எஃப்-சார்ட் நிறுவனம். கல்வி நிறுவனங்களில் ஒரு துறை முழுவதற்கும் ஒரே உரிமம் தருகிறார்கள். அதற்கும் காசில்லை என்றால் பாய்மங்களின் பெறுமானங்களைத் தரும் கூல்புராப் (CoolProp) இலவசம், பைதன் நிரல்மொழியோடு சேர்த்து ஓட்டலாம். இதெல்லாம் தெரியாதவர்களைத்தான் இந்த இடைத்தரகர்கள் பிடிக்கிறார்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். மென்பொருள் சமன்பாட்டைத் தீர்க்கும்; எழுதித் தராது. கொதிகலனுக்கும் சுழலிக்கும் சக்திச் சமநிலை எழுத வேண்டியது பிள்ளைதான். ஒன்றை மறந்தால், சமன்பாடுகளைவிடத் தெரியாக்கணியங்கள் கூடுதலாக இருக்கின்றன என்று சொல்லி மென்பொருள் நின்றுவிடும். எதை விட்டோம் என்று தேடும் அந்தப் பத்து நிமிடம்தான் பாடம். முதல் ரேங்கின் சுழற்சியை (நீராவி மின்நிலையத்தின் அடிப்படைச் சுழற்சி) மட்டும் நீராவி அட்டவணை பார்த்துக் கையால் செய்யவிடுங்கள். பிறகு மென்பொருளில் ஒடுக்கியின் அமுக்கத்தை மாற்றி மாற்றி, திறன் எப்படிப் போகிறது என்று வரைய விடுங்கள்.

பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம். 500, 30 பாகை செல்சியசுக்கு இடையில் கார்னோ திறன் (வெப்ப எந்திரம் எட்டக்கூடிய உச்சத் திறன்) கேட்டால், செல்சியசை அப்படியே போடுகிற பிள்ளைக்கு 94 வீதம் வரும். கெல்வினில் 61 வீதம். அலகுகளைக் கொடுக்காவிட்டால் இந்தப் பிழையைப் பற்றி மென்பொருள் வாயே திறக்காது.

மென்பொருள் விடை புத்தகத்தோடு ஒத்துவராத ஓர் இடமும் உண்டு, அதில் பதற வேண்டாம். குளிரூட்டி ஆர்134ஏ. 0 பாகையில் அதன் நிரம்பல் திரவ (கொதிநிலையில் உள்ள திரவ) என்தல்பி, அதாவது வெப்ப உள்ளடக்கம், ஓர் அட்டவணையில் கிலோகிராமுக்கு 200 கிலோஜூல், இன்னொன்றில் 52 அளவு. இரண்டும் சரி. ஒன்று 0 பாகையில் 200 என்று வைத்துத் தொடங்குகிறது, மற்றது மறை 40 பாகையில் 0 என்று. ஆவியாக்க வெப்பம் எதில் பார்த்தாலும் 199 அளவுதான், ஏனென்றால் வித்தியாசம் மாறாது. ஆனால் ஒரு நிலையைப் புத்தகத்திலும் அடுத்ததை மென்பொருளிலும் எடுத்தால் கணக்கு கெட்டது.

பரீட்சையை என்ன செய்வது? இன்றும் அட்டவணையின் இரண்டு வரிகளுக்கு நடுவே விகிதம் பார்த்து எண் எடுப்பதற்கே பிள்ளைகளின் நேரத்தைத் தின்னும் வினாத்தாள்கள் வருகின்றன. பொறியியலாளரிடம் நாளைக்கு யாரும் கேட்காத வேலை அது. உங்கள் உள்ளகத் தேர்விலாவது அட்டவணைப் பெறுமானங்களை வினாவிலேயே கொடுத்து, சமன்பாடுகளுக்குப் புள்ளி போடுங்கள்.