அப்பாவுக்கு இறா, அம்மாவுக்கு குலாப் ஜாமூன்

கேள்வி: அப்பாவுக்குப் போன மாதம், மே மாதத்தில் அறுபது முடிந்தது. காசிமேட்டிலிருந்து முப்பது வருடம் விசைப்படகில் கடலுக்குப் போனவர். ஒருநாளாவது பெரிய ஓட்டலில் உட்காரட்டுமே என்று ஆறு பேருக்கு பஃபேயில் இடம் சொல்லிவைத்தேன். ஞாயிறு இரவு எட்டரைக்குத்தான் மேசை கிடைத்தது. இறா தட்டு காலி, பிரியாணி ஆறிக் கிடந்தது. அப்பா தயிர் சாதத்தோடு முடித்துக்கொண்டார். அம்மா மட்டும் குலாப் ஜாமூனை மூன்று தடவை எடுத்துக்கொண்டார். பில் 6,230 ரூபாய். “நல்லாதாம்மா இருந்துச்சு” என்கிறார் அப்பா. அண்ணன் இன்னும் கிண்டல் செய்கிறான். ஓட்டலில் சண்டை போடலாமா, விட்டுவிடலாமா?
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதலில் பில். நீங்கள் அனுப்பிய படத்தில் தலைக்கு 899 வீதம் 5,394 ரூபாய் இருக்கிறது. அதற்குக் கீழே சேவைக் கட்டணம் பத்து சதவீதம், 539 ரூபாய் 40 காசு. இரண்டுக்கும் சேர்த்து ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி. உங்களைக் கேட்காமல் சேர்த்திருந்தால் அந்த 539 ரூபாய் 40 காசுக்குத் தாராளமாகச் சண்டை போடுங்கள். சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. மேனேஜருக்கு எழுதுங்கள். அசையவில்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

ஆறிப்போன பிரியாணிக்கு இப்போது பணம் கேட்டால் வராது. அன்றைக்கே தட்டோடு போய்க் காட்டியிருந்தால் சூடாக ஒரு தட்டு வந்திருக்கும். நம் வீட்டுப் பெண்கள் கடைக்காரனிடம் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துச் சண்டை போடுவார்கள், ஏசி போட்ட இடத்தில் மட்டும் வாய் வராது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இன்னொன்று, பஃபேயில் எட்டரை மணி என்பது கடைசிப் பந்தி மாதிரி. சூப்பும் உருளைக்கிழங்கும் நூடுல்ஸும் எப்போதும் நிறைந்திருக்கும், விலை கூடிய தட்டு மட்டும் தாமதமாக நிரம்பும். அடுத்த முறை முதல் பந்திக்கு இடம் கேளுங்கள். தட்டை எடுக்காமல் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு அப்புறம் வரிசையில் நில்லுங்கள்.

ஆனால் இறா தட்டு நிறைந்தே இருந்திருந்தாலும் உங்கள் அப்பா தயிர் சாதத்துக்குத்தான் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. மே மாதம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில்தான். அந்த நாளில் ஓட்டலில் விழும் இறா பெரும்பாலும் குட்டையில் வளர்த்தது, இல்லையென்றால் ஐஸில் கிடந்தது. முப்பது வருடம் வலையிலிருந்து இறாவைக் கொட்டிப் பிரித்தவருக்கு அது தெரியாதா? தலையைப் பார்த்தாலே சொல்லிவிடுவார். மகள் காசு போட்டுக் கூட்டிவந்த இடத்தில் சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான். “நல்லாதாம்மா இருந்துச்சு” என்பது நீங்கள் கூட்டிப்போனதற்கு. சாப்பாட்டைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மூன்று குலாப் ஜாமூன்! நாள் முழுக்க அடுத்தவர் தட்டைப் பார்த்துப் பார்த்துப் போடுகிற ஒரு மனுஷி, யாருக்கும் பரிமாறாமல் தனக்கு வேண்டியதை மூன்று முறை எழுந்துபோய் எடுத்துவந்திருக்கிறார். அந்த 899 ரூபாய் வீண் இல்லை. அம்மாவின் பிறந்தநாள் என்றைக்கு? அன்றைக்கு பஃபேயில் முதல் பந்திக்கு இடம் போடுங்கள். வேறு ஓட்டலில்.

அப்பாவுக்கு, ஜூன் கடைசி ஞாயிறு. தடை முடிந்து பெரிய படகுகள் திரும்பியிருக்கும். விடியற்காலையில் அவரோடு காசிமேட்டுக்குப் போங்கள். பேரத்தை அவரிடமே விடுங்கள், நீங்கள் பையை மட்டும் பிடித்தால் போதும். சமையலை அம்மா தலையில் கட்டிவிடாதீர்கள். படகில் தங்கித் தொழில் செய்தவர்களுக்குக் குழம்பு வைக்கத் தெரியும், அப்பாவையே வைக்கச் சொல்லுங்கள்.

இறா உரிக்க அண்ணனை உட்கார வையுங்கள். இரண்டு கிலோவாவது வாங்குங்கள்.